கற்பிக்க வந்தவர்களும் அனுமதி மறுத்தவர்களும்

வெளிநாடொன்றில் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்ற விரும்பும் ஒருவரிடம் இன்று கேட்கப்படும் பத்திரங்களின் பட்டியல் நீளமானது. கடவுச்சீட்டு, விசா, தொழில் அனுமதி, பட்டச் சான்றிதழ், அதனை உறுதிப்படுத்தும் வெளிநாட்டமைச்சின் முத்திரை, ஆசிரியப் பயிற்சிக்கான சான்று, பொலிஸ் நற்சான்று, மருத்துவச் சான்று என்று அது விரிந்துகொண்டே செல்லும். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களில் பலர் இந்தப் பட்டியலை அனுபவத்தில் அறிவர். ஆசிரியர்களாக நாட்டைவிட்டுப் புறப்பட்டு வேறெந்தத் தொழிலிலோ கரையொதுங்கியவர்களும் அவர்களுள் உள்ளனர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவையெல்லாம் நிர்வாகச் சடங்குகள். ஆயினும் இவற்றின் அடியில் ஒரு பழைய கேள்வி இருக்கின்றது. ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கு அந்நியர் ஒருவர் கற்பிக்கலாமா, அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அந்தக் கேள்வி. பெற்றோருக்கா, பாடசாலையை நடத்துபவருக்கா, அரசுக்கா? இக்கேள்வி நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் 200 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. அதற்கு அரசு அளித்த விடை, பின்னர் நம் கல்வி வரலாற்றின் போக்கையே மாற்றியது. இந்தக் கட்டுரையில் அந்த வரலாற்றையும் அதன் தொடர்ச்சியையும் சொல்ல முனைகின்றேன்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்த கதையை நம்மவர் பொதுவாக 1816ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். உண்மையில் அது 1812ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் தொடங்குகின்றது. அவ்வாண்டில் அமெரிக்காவிலிருந்து முதன்முதலாக அனுப்பப்பட்ட மிஷனரிமார் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கினர். அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் கம்பெனியின் அனுமதி பெறாத எந்த ஐரோப்பியரும் அமெரிக்கரும் தங்கியிருக்க முடியாது. மதப் பிரசாரமும் பாடசாலைகளும் குடிகளிடையே அமைதியின்மையை ஏற்படுத்தித் தமது வணிகத்துக்கு இடையூறாகலாம் என்று கம்பெனி அஞ்சியது. போதாக்குறைக்கு அதே ஆண்டில் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே போர் மூண்டது. ஆகவே வந்தவர்கள் திரும்பிப் போகுமாறு பணிக்கப்பட்டனர்.

அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல், மனைவி ஹரியற்றுடன் மொரீசியஸ் தீவுக்குச் சென்றார். ஹரியற் அங்கே 1812 நவம்பரில் காலமானார். துணையை இழந்த நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். இங்கே அவருக்கு எதிர்பாராத வரவேற்புக் கிடைத்தது.

காரணம் எளிமையானது. இலங்கையின் கரையோரப் பகுதிகள் 1802ஆம் ஆண்டிலிருந்து பிரித்தானிய முடியின் நேரடிக் குடியேற்ற நாடாக இருந்தன. கம்பெனியின் சட்டம் இங்கே செல்லாது. யாரை உள்ளே விடலாம் என்பதைத் தீர்மானித்தவர் தேசாதிபதி. அப்போதைய தேசாதிபதி சேர் றொபேர்ட் பிரவுன்ரிக் மிஷனரிமாருக்கு ஆதரவானவர். பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனும் அவ்வாறே. பாக்கு நீரிணையின் ஒரு கரையில் குற்றமாகக் கருதப்பட்டது மறு கரையில் வரவேற்கப்பட்டது. சட்டங்களிடையே இருந்த இந்த இடைவெளியே அமெரிக்கக் கல்வியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தது என்று கூறினால் அது மிகையாகாது. நியூவெல் தம் சங்கத்தாருக்கு யாழ்ப்பாணத்தைப் பரிந்துரைத்துவிட்டுப் பம்பாய்க்குச் சென்றார்.

போர் முடிந்தபின், 1816 மார்ச்சில் டானியல் பூவர், பெஞ்சமின் மெக்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வேர்ட் வாரன் முதலானோர் கொழும்புக்கு வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கைவிடப்பட்டுப் பாழடைந்திருந்த பழைய தேவாலயக் கட்டடங்களைப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. அவற்றைத் திருத்திக் குடியேறி, பாடசாலைகளைத் தொடங்கினர். 1819ஆம் ஆண்டின் இறுதியில் மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்போல்டிங், ஹென்றி வூட்வேர்ட், வைத்தியர் ஜோன் ஸ்கடர் ஆகியோரைக் கொண்ட இரண்டாவது குழு இலங்கையை வந்தடைந்தது. பிரவுன்ரிக் 1820ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதவி நீங்கிப் புறப்பட்டார். அவர் போவதற்கு முன்னரே இவர்கள் வந்து சேர்ந்தது அவர்களின் நற்பேறு எனலாம்.

அடுத்து வந்தவருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1820 ஆகஸ்டில் ஜேம்ஸ் கரெற் என்ற இளைஞர் யாழ்ப்பாணம் வந்தார். அவர் போதகர் அல்லர்; அச்சுத் தொழிலாளர். பாடசாலைகளுக்கு வேண்டிய தமிழ்ப் புத்தகங்களை அச்சிடுவதற்காக அனுப்பப்பட்டவர். பிரவுன்ரிக்கின் இடத்தில் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த சேர் எட்வேர்ட் பார்ன்ஸ், கரெற் தீவில் தங்கக் கூடாது என்று உத்தரவிட்டார். பார்ன்ஸ் என்றதும் கொழும்பு - கண்டிப் பெருந்தெருவும் கோப்பிப் பயிர்ச் செய்கையுமே நமது நினைவுக்கு வரும். அந்தத் தெருவைத் திறந்தவரே இந்தக் கதவை அடைத்தார். பிரித்தானியப் பிரசைகளுக்குக் கற்பிக்கப் பிரித்தானிய மிஷன்களே போதும், அந்நிய நாட்டார் மேலும் வரவேண்டியதில்லை என்பது அவரது நிலைப்பாடு. ஏற்கெனவே இருந்தவர்கள் தங்கலாம். புதிதாக எவரும் வரக்கூடாது. மிஷனரிமார் விண்ணப்பித்துப் பார்த்தும் பயனில்லை. கரெற் பம்பாய்க்குச் சென்று அங்கிருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பணியாற்றினார். யாழ்ப்பாணத்துக்கென வந்த அச்சியந்திரம் நல்லூரிலிருந்த சேர்ச் மிஷனரிச் சங்கத்தாரின் கைக்குச் சென்றது. பிரித்தானியச் சங்கம் என்பதால் அவர்களுக்குத் தடையில்லை.

இந்தத் தடை 1820ஆம் ஆண்டிலிருந்து 1833ஆம் ஆண்டுவரை, ஏறத்தாழ 13 ஆண்டுகள் நீடித்தது. வாரன் 1818இலே நோயுற்று இறந்துவிட்டார். ரிச்சர்ட்ஸ் 1822இல் காலமானார். எஞ்சியோர் ஆறு பேர். இறந்தவரின் இடத்துக்கும் எவரும் வரமுடியாது. நோயுற்றவரை விடுவிக்கவும் எவரும் வரமுடியாது. ஒரு பத்திரிகைக்காரனின் கண்ணோடு இந்தக் காலத்தை நோக்கும்போது எனக்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. வளர்ச்சி நின்றிருக்க வேண்டிய இந்தப் 13 ஆண்டுகளில்தான் யாழ்ப்பாணக் கல்வி வேர்கொண்டது.

எப்படி? வெளியிலிருந்து ஆசிரியர் வரமுடியாது என்றால் உள்ளேயே ஆசிரியரை உருவாக்க வேண்டும். கிராமப் பாடசாலைகள் பலவற்றில் மிஷனரிமார் உள்ளூர்ச் சைவர்களையே ஆசிரியர்களாக அமர்த்தினர். பாடத்திட்டத்தில் விவிலியம் இருந்தது. கற்பித்தவரின் நெற்றியில் திருநீறு இருந்தது. இந்த முரண்பாட்டை மிஷனரிமார் விரும்பினர் என்று சொல்லமுடியாது. கிறிஸ்தவ ஆசிரியர் போதிய அளவில் இல்லாததால் சகித்துக்கொண்டனர். அதேவேளை விடுதிப் பாடசாலைகளில் தெரிவுசெய்யப்பட்ட மாணவருக்கு ஆங்கிலமும் தமிழும் கணிதமும் கற்பித்து நாளைய ஆசிரியர்களாக ஆக்க முயன்றனர்.

இந்த முயற்சியின் உச்சமே 1823ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி. மிஷனரிமார் முதலில் திட்டமிட்டது ஒரு கல்லூரியை. அமெரிக்காவிலிருந்து பேராசிரியரை வரவழைத்து, சாசனம் பெற்று, முழுமையான உயர்கல்வி நிலையமாக அதனை நடத்தலாம் என்று எண்ணினர். ஆளே வரமுடியாத நிலையில் அந்நிய நாட்டவரின் கல்லூரிக்குச் சாசனம் கிடைக்குமா? கல்லூரி என்ற பெயர் வாய்க்கவில்லை. செமினரி என்ற அடக்கமான பெயரோடு, இருந்தவர்களைக் கொண்டே அது தொடங்கியது. டானியல் பூவர் அதன் அதிபரானார். அடுத்த ஆண்டில், 1824இல், உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது.

பெயர் சிறிதாயினும் பயன் பெரிது. 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் இருவர். சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கரோல் விசுவநாதபிள்ளை மற்றவர். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்றவர்கள். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளையின் பணியைத் தமிழுலகம் நன்கறியும். சென்னை அரசு தன் முதற் பட்டதாரிகளாகப் பெற்றது, யாழ்ப்பாணத்தில் ஒரு தடைக்காலத்தின் நடுவே தொடங்கிய கலாசாலையின் மாணவரை என்பது நினைக்கத்தக்கது.

இதனால் பார்ன்ஸின் தடை நன்மையானது என்று வாதிட நான் வரவில்லை. அச்சகம் 13 ஆண்டுகள் தாமதமாகியது ஓர் இழப்பே. தடை 1833இல் நீங்கியது. அப்போது சேர் றொபேர்ட் வில்மட் ஹோர்ட்டன் தேசாதிபதியாக இருந்தார். இலங்கை நிர்வாகத்தை விசாரித்த கோல்புறூக் ஆணைக்குழுவும் யாழ்ப்பாணத்து அமெரிக்கப் பாடசாலைகளை மெச்சியிருந்தது. உடனே புதிய மிஷனரிமாரும், ஈஸ்ற்மன் மைனர் என்ற அச்சுத் தொழிலாளரும் வந்தனர். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. அதன் வழியில் 1841 ஜனவரியில் ‘உதயதாரகை’ பத்திரிகை பிறந்தது. நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைத் துறையின் விடிவெள்ளி அது. கரெற் 1820இல் தங்க அனுமதிக்கப்பட்டிருந்தால் அந்த வெள்ளி இன்னும் முன்னதாகவே முளைத்திருக்குமோ என்று இத்துறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு எண்ணத் தோன்றுகின்றது.

தடை நீங்கியதும் நடந்த இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆட்கள் போதுமானவுடன் யாழ்ப்பாண மிஷனரிமார் தமிழகத்தை நோக்கினர். 1834இல் மதுரையில் ஒரு கிளையைத் தொடங்கினர். 1836இல் வின்ஸ்லோவும் ஸ்கடரும் சென்னைக்குச் சென்றனர். வின்ஸ்லோவின் பெயரால் வழங்கும் தமிழ் - ஆங்கிலப் பேரகராதி 1862இல் அங்கேதான் வெளியாயிற்று. அதற்கான சொற்களைத் திரட்டும் பணி யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. 1812இல் கல்கத்தாவிலிருந்து விரட்டப்பட்ட முயற்சி, இலங்கையில் இருபது ஆண்டுகள் காத்திருந்து, கம்பெனி ஆட்சிக்குட்பட்ட நிலத்துக்குள் நுழைந்தது.

அந்த மதுரை மிஷனில்தான் அடுத்த அத்தியாயம் நிகழ்ந்தது. முதலாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த ஜேர்மன் மிஷனரிமார் பகைநாட்டவராகக் கருதப்பட்டுத் தடுத்துவைக்கப்பட்டனர்; நாட்டைவிட்டும் அனுப்பப்பட்டனர். அவர்கள் நடத்திய பாடசாலைகள் பிறர் கைக்கு மாறின. போருக்குப் பின்னர் பிரித்தானியரல்லாத மிஷனரிமார் இந்தியாவில் பணிபுரிவதற்கு அரசு நிபந்தனைகளை விதித்தது. சட்டபூர்வமாக அமைந்த அரசுக்குக் கீழ்ப்படிதலும் மரியாதையும் உடையவர்களாக இருப்போம், அரசியலில் ஈடுபடமாட்டோம் என்று உறுதியளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஓர் ஆளின் தகுதிக்கும் கல்விக்கும் அப்பால், அவரது மனச்சாட்சிக்கும் அனுமதிப் பத்திரம் கேட்ட நிபந்தனை இது.

மதுரை மிஷனில் பணியாற்றிய றிச்சர்ட் கைத்தான் என்ற அமெரிக்கர் இந்த நிபந்தனையில் இடறினார். கதர் உடுத்தார், காந்தியடிகளின் ஆங்கிலேய அன்பர் ஒருவருக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்தார். ஆட்சியாளர் வெகுண்டனர். மிஷன் தான் அளித்த உறுதிமொழிக்கு அஞ்சியது. 1930இல் அவர் இந்தியாவைவிட்டு வெளியேற நேர்ந்தது. சில ஆண்டுகளின் பின் திரும்பினார். 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். சுதந்திரத்தின் பின் திரும்பிவந்து காந்திகிராமத்தின் பணிகளில் இணைந்து, தமிழகத்திலேயே நிலைத்து, 1984இல் மறைந்தார். பார்ன்ஸ் அந்நிய நாட்டவரை அஞ்சினார். டெல்லியில் இருந்தவர்கள் அந்நியர் கொண்டிருந்த கருத்தை அஞ்சினர். இரண்டாவது அச்சம் இன்றுவரை பல நாடுகளின் விசா நிபந்தனைகளில் மறைந்திருக்கின்றது.

பிரித்தானியப் பிரசைகளாக இருந்தவர்களுக்கோ இந்தத் தொல்லைகள் இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் 1913இல் பெண்கள் கல்லூரியைத் தொடங்கியபோது அதன் முதல் அதிபராக வந்தவர் புளோறன்ஸ் பார் எமரி. இலண்டன் நாடக மேடையில் புகழ்பெற்ற நடிகை. கவிஞர் யேற்ஸுக்கும் நாடகாசிரியர் பேர்னாட் ஷாவுக்கும் நெருங்கிய நண்பர். நடிகையொருவரைச் சைவப் பெண்களின் கல்லூரிக்கு அதிபராக்குவதைத் தடுக்க எந்த அதிகாரியும் இருக்கவில்லை. ஒரு பேரரசின் பிரசை அதே பேரரசின் இன்னொரு மூலைக்கு வந்தார், அவ்வளவே. அவர் 1917இல் கொழும்பில் காலமானார்.

அதே வழியில் தமிழகத்திலிருந்து வந்தவர் சு. நடேசபிள்ளை. இராமநாதனின் மருமகனான அவர் பரமேசுவராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். 1934இல் அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தைத் தோற்கடித்துப் பின்னர் அமைச்சருமானார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த பட்டதாரிகள் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தது சாதாரணமான காட்சி. தலைமன்னாரில் கப்பலைவிட்டு இறங்கி ரயிலேறினால் வந்துசேரலாம். அவர்களை எவரும் வெளிநாட்டவர் என்று அழைக்கவில்லை.

சுதந்திரம் இந்த நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பிரசை யார் என்பதை வரையறுத்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், பிரசையல்லாதவர் இங்கே தங்குவதற்கும் தொழில் செய்வதற்கும் அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. நேற்றுவரை ஆசிரியராக இருந்த இந்தியர், இன்று தற்காலிக வதிவிட அனுமதிப் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் வகுப்பறையில் நிற்கலாம் என்ற நிலை தோன்றியது. பின்னர் 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பான்மையானவற்றை அரசு பொறுப்பேற்றது. அரச ஆசிரிய நியமனத்துக்கு இலங்கைப் பிரசாவுரிமை அடிப்படைத் தகுதி. ஆகவே இந்திய ஆசிரியருக்கும் வெளிநாட்டு மிஷனரிக்கும் தனியார் பாடசாலைகளாக எஞ்சிய சிலவற்றிலேயே இடமிருந்தது. வெளியார் ஆசிரியராக வரும் காலம் நம் மண்ணில் ஏறத்தாழ முடிந்தது.

எந்த இறைமையுள்ள நாடும் தன் பாடசாலைகளில் தன் மக்களை ஆசிரியராக்க விரும்புவது இயல்பு. அதனைக் குறைகூற முடியாது. ஆனால் இலங்கையில் அந்த விதியின் கூர்மையான முனை தாக்கியது வெளியிலிருந்து வந்தவரை மட்டுமன்று. இதே நாட்டில் பிறந்து, இதே நாட்டில் கற்று, இங்கேயே ஆசிரியராக விரும்பிய மலையகத் தமிழ் இளைஞரையும் அது தாக்கியது. 1948ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. இந்த இழுபறி நீடித்த ஆண்டுகளில் க.பொ.த. சித்தியடைந்த தோட்டத்து இளைஞன் ஒருவன் அரச ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதலாவது கேள்வியிலேயே தடுக்கி விழுந்தான். நீர் இலங்கைப் பிரசையா என்பது அந்தக் கேள்வி.

1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோது அவற்றுக்கு ஆசிரியர் தேவைப்பட்டனர். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பலர் அனுப்பப்பட்டனர். அவர்களுள் அர்ப்பணிப்போடு உழைத்தவர்களையும் நான் கண்டிருக்கின்றேன். இடமாற்றத்துக்காக நாளெண்ணியவர்களையும் கண்டிருக்கின்றேன். அந்த லயங்களில் பிறந்து அந்தப் பிள்ளைகளின் பேச்சையும் பசியையும் அறிந்த இளைஞர் வாசலில் நின்றனர். அவர்கள் கையில் கல்விச் சான்றிதழ் இருந்தது. பிரசாவுரிமைச் சான்றிதழ் இருக்கவில்லை. 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் நிறைவேறிய சட்டங்களே நாடற்ற நிலையைப் படிப்படியாக அகற்றின. இன்று மலையகப் பாடசாலைகளில் மலையகத்தவரே ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்குகின்றனர். ஆனால் இழந்த அந்த நாற்பது ஆண்டுகளின் மாணவருக்கு எவரும் ஈடுசெய்ய முடியாது. தடைபோட்ட பார்ன்ஸ்கூட அந்த மண்ணில் பிறந்தவனை அந்நியன் என்று சொல்லவில்லை.

இனி, நம்மவர் வெளியே சென்ற கதை. 1970களிலும் 1980களிலும் ஆபிரிக்க நாடுகளின் வேண்டுகோள் இலங்கைப் பத்திரிகைகளின் விளம்பரப் பகுதிகளில் இடம்பெற்றது. நைஜீரியா தன் எண்ணெய் வருமானத்தைக் கொண்டு 1976இல் அனைவருக்கும் ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தொடர்ந்து இடைநிலைப் பாடசாலைகள் பெருகின. கணித, விஞ்ஞான ஆசிரியருக்குப் பெரும் தட்டுப்பாடு. சாம்பியாவிலும் எத்தியோப்பியாவிலும் இதே தேவை இருந்தது. ஆங்கிலத்தில் கற்பிக்கக்கூடிய பட்டதாரிகளை இந்தியாவிலும் இலங்கையிலும் தேடினர். யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற கல்லூரிகளிலிருந்து ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டனர். எனக்குத் தூயகணிதம் கற்பித்த ஆசிரியரும் அவ்வாறு போனவரே. ஒப்பந்தக் காலம், விமானச் சீட்டு, வீட்டு வசதி, ஊருக்கு அனுப்பத்தக்க சம்பள வீதம் என்பவற்றை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அந்நாடுகள் அப்போது கேட்ட தகுதி, பட்டமும் அனுபவமும் மட்டுமே. தேவை மிகுந்திருக்கும்போது சட்டம் நெகிழும் என்பதற்கு அது சான்று.

தேவை குறைந்தபோது சட்டம் இறுகியது. எண்ணெய் விலை சரிந்தபின் நைஜீரிய அரசு, உரிய பத்திரமில்லாத வெளிநாட்டவர் வெளியேற வேண்டுமென்று 1983 ஜனவரியில் உத்தரவிட்டது. கானா நாட்டவரே பெருமளவில் பாதிக்கப்பட்டனர். ஒப்பந்தத்தில் இருந்த நம்மவருக்கு அந்த உத்தரவு நேரடியாகப் பொருந்தவில்லை. ஆனால் 1986இல் நைஜீரிய நாணயத்தின் பெறுமதி சரிந்தபோது அவர்களின் சம்பளமும் கரைந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்றால் 1983 ஜூலைக்குப் பின் ஊர் பழைய ஊராக இருக்கவில்லை. ஆகவே பலர் அங்கிருந்தே இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றனர்.

அங்கே மீண்டும் பத்திரங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அரச நிதியில் இயங்கும் பாடசாலைகளில் கற்பிக்க வேண்டுமாயின், அம்மாகாண ஆசிரியர் கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பின் சான்றிதழ் வேண்டும். பட்டத்தின் பெறுமதி மட்டுமன்றி ஆசிரியப் பயிற்சியும் தனியாக மதிப்பிடப்படும். இரு கண்டங்களில் 25 ஆண்டுகள் கணிதம் கற்பித்த ஒருவர் மீண்டும் மாணவராகிப் பயிற்சி பெறவேண்டும். வயதும் குடும்பச் சுமையும் அதற்கு இடந்தராதபோது அவர் தொழிற்சாலைக்கோ வாகனத் தரிப்பிடக் காவலுக்கோ போகின்றார். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பெடுக்கின்றார். ரொறொன்ரோவில் அத்தகைய ஆசிரியர் சிலரை நான் சந்தித்திருக்கின்றேன். அவர்கள் வகுப்பில் நின்ற நிமிர்வு யாழ்ப்பாணத்தில் கண்ட அதே நிமிர்வுதான்.

பிள்ளைகளைப் பாதுகாக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வகுப்பறைக்குள் நுழையும் எவரையும் விசாரிக்காது விடுவது ஆபத்து. பொலிஸ் சான்றும் பயிற்சித் தகுதியும் நியாயமான கோரிக்கைகளே. அதேவேளை, ஆசிரியரை இழக்கும் நாட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. கரிபியன் தீவுகளிலிருந்து இங்கிலாந்து பெருமளவில் ஆசிரியரைத் திரட்டியபோது எழுந்த முறைப்பாடுகளின் விளைவாக, 2004 செப்டெம்பரில் பொதுநலவாய நாடுகள் ஆசிரியர் ஆட்சேர்ப்புத் தொடர்பான உடன்பாட்டு வரைவொன்றை ஏற்றுக்கொண்டன. விரும்பிய நாட்டுக்குச் செல்லும் ஆசிரியரின் உரிமை, ஆசிரியரை இழக்கும் நாட்டின் நலன், சென்றவர் சுரண்டப்படாதிருத்தல் ஆகிய மூன்றையும் அது ஒருங்கே வலியுறுத்துகின்றது. சட்டவலு அதற்கு இல்லை. எனினும் மூன்று தரப்பையும் ஒரே தாளில் எழுதியது முன்னேற்றமே.

1820இல் அந்த மூன்றில் எதுவும் எண்ணப்படவில்லை. வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய பெற்றோரிடம் அந்த அச்சுத் தொழிலாளர் இருக்கலாமா என்று எவரும் கேட்கவில்லை. மலையகத்து லயங்களிலும் எவரும் கேட்கவில்லை. அனுமதிப் பத்திரங்களைப் பற்றிய விவாதங்களில் அரசின் குரல் கேட்கின்றது. ஆசிரியரின் குரலும் இடையிடையே கேட்கின்றது. வகுப்பறையில் ஆசிரியரின்றி அமர்ந்திருக்கும் பிள்ளையின் குரல்தான் இருநூறு ஆண்டுகளாகியும் அந்தக் கோவைகளில் பதிவாகவில்லை. யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிப்பவர்கள் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு கணம் அமர்ந்துவிட்டுத் தம் முத்திரையைக் கையிலெடுப்பார்களாயின், வரலாறு அவர்களை வேறுவிதமாக நினைவுகூரும்.